பெட்டகத்துக் கீர்த்தனைப் புத்தகங்களுக்கு எந்தப் பட்டியல் விதி?

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர். ஆறு பங்காளிகளுக்குப் பொதுவான வீடு. இரண்டாங்கட்டு அறையில் மூன்று தேக்குப் பெட்டகங்கள் இருந்தன, சாவி ஆச்சியிடம். போன ஆனியில் திறந்தபோது பித்தளைச் சாமான் இருக்கும் என்று நினைத்தார்கள். உள்ளே இருந்தவை முழுக்கப் புத்தகங்கள். வேப்பிலையும் வசம்பும் போட்டு, மல்துணியில் மூட்டை மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார்கள். கரையான் தொட்டது ஒரு மூட்டையைத்தான்.

எண்ணி முடித்தபோது ஆயிரத்து நானூறு சொச்சம். பாதிக்கு மேல் சைவ நூல்கள், தலபுராணங்கள், அந்தாதிகள். முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவாக இசை நூல்கள்: கீர்த்தனை, சிந்து, நாடகப் பாட்டு, அப்புறம் சுரம் போட்டு அச்சிட்ட புத்தகங்கள். கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறவன் என்பதால் பட்டியல் போட என்னைக் கூப்பிட்டார்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் பங்காளி போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: “எக்செல்ல ஒரு லிஸ்ட் போட்டுருங்க, போதும்.” ஆச்சி அதை ஒத்துக்கொள்ளவில்லை. “புத்தகப் பேரு எங்கயும் கெடைக்கும் தம்பி. இது யாரு யாரு கையில இருந்துச்சு, யாரு காசு குடுத்து அச்சுப் போட்டாகன்னு தெரியணும்.” நூலகவியல் படித்தவர்கள் பாதி நாள் விவாதிக்கிற விஷயத்தை ஆச்சி இரண்டு வரியில் சொல்லி முடித்துவிட்டார். ஒரு நூலைப் பற்றி எதை, எங்கே, எப்படி எழுதுவது என்று சொல்பவைதான் பட்டியல் விதிகள். கீழே அவற்றை நான் ஒப்பிட்டுப் பார்த்ததெல்லாம் அந்த இரண்டு வரியை வைத்துத்தான்.

எக்செல் யோசனையை முதலில் முடித்துவிடுகிறேன். அதற்குக் கொஞ்சம் மரியாதையான வடிவம் டப்ளின் கோர். 1995-ல் அமெரிக்காவின் டப்ளின் நகரக் கூட்டத்தில் உருவானது, அடிப்படையில் பதினைந்தே கூறுகள்: தலைப்பு, ஆக்கியோர், தேதி என்று போகும். ஸ்கேன் செய்த கோப்புகளை இணையத்தில் ஏற்ற நல்ல கருவி. ஆனால் ஒரே நூலின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் ரங்கூன் கடை முத்திரை இருக்கிறது என்று சொல்ல அதில் தனி இடம் கிடையாது, விளக்கம் என்ற ஒரே பையில்தான் எல்லாவற்றையும் திணிக்க வேண்டும். பிறகு அந்தப் பையிலிருந்து எதையும் பிரித்துத் தேடி எடுக்க முடியாது.

இந்த வீட்டிலேயே பத்து வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு வேலை நடந்திருக்கிறது. வெளியில் கிடந்த புத்தகங்களை மட்டும் ஒரு கணினி நிறுவனத்திடம் கொடுத்து லிஸ்ட் போட்டிருக்கிறார்கள். எல்லாம் ஆங்கில எழுத்தில், அதுவும் வாய்க்கு வந்தபடி. திருவாசகம் நாலு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. தேடினால் ஒன்று கிடைக்கும், மூன்று கிடைக்காது. கோப்பு இன்னும் இருக்கிறது, யாரும் திறப்பதில்லை.

சரி, முறையான விதிகளுக்கு வருவோம். எங்கள் தலைமுறை படித்தது ஏஏசிஆர்2, அதாவது ஆங்கிலோ-அமெரிக்கப் பட்டியல் விதிகளின் இரண்டாம் பதிப்பு. 1978-ல் வந்தது, இன்றும் நம் ஊர் நூலகங்கள் பலவற்றின் கைப்பழக்கம் அதுதான். அதன் இடத்துக்கு 2010-ல் வந்த புது விதித்தொகுப்பு ஆர்டிஏ. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013 மார்ச்சில் அதற்கு மாறியது. முழு விதியையும் படிக்க ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும், அது ஒரு தலைவலி. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1934-ல் எழுதிய பட்டியல் விதித்தொகுப்பைச் சொல்லாமல் விட்டால் நண்பர் ஒருவர் கோபித்துக்கொள்வார். மதிப்புக்குரிய தொகுப்பு. ஆனால் இன்றைய மென்பொருள்கள் அதைச் சார்ந்து இல்லை, பழம்பதிப்புகளின் நுணுக்கத்துக்காக எழுதியதும் இல்லை.

பழைய, அரிய நூல்களுக்கென்றே இருக்கும் பட்டியல் விதித்தொகுப்பு டிசிஆர்எம். அமெரிக்க நூலகச் சங்கத்தின் அரிய நூல் பிரிவு வெளியிடும் வரிசை. நூல்களுக்கான பகுதி 2007-ல் வந்தது. அச்சிட்ட இசைக்கான பகுதியை 2016-ல் இசை நூலகச் சங்கத்தோடு சேர்ந்து கொண்டுவந்தார்கள். 2022-ல் ஆர்டிஏவுக்கு இசைய ஒரு புதுப் பதிப்பும் வந்துவிட்டது. எல்லாம் இலவசம், இணையத்தில் படிக்கலாம். சந்தா விஷயத்தில் நொந்தவனுக்கு இதுவே பாதி ஆறுதல்.

இவற்றில் எதை எடுத்தாலும் பதிவை எண் போட்ட புலங்களாகப் பிரித்துக் கணினியில் வைக்கும் சட்டகம் மார்க் 21 தான், நூலக மென்பொருள் கோஹா. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோஹாவுக்குக் காசு இல்லை, யூனிகோடு தமிழை ஏற்கும், பங்காளிகள் எந்த நாட்டிலிருந்தும் தேடலாம். குழப்பம் முழுக்க எந்த விதிப்படி எழுதுவது என்பதில்தான்.

ஒரு புத்தகத்தை வைத்துப் பார்ப்போம். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய கீர்த்தனைப் புத்தகம். மேலட்டை இல்லை. தலைப்புப் பக்கத்தின் உச்சியில் ‘உ’, அதற்குக் கீழே ‘சிவமயம்’. பிறகு இன்னார் ‘இயற்றிய’ என்று தொடங்கி நூலின் பெயர். அதன் கீழ் ‘இஃது’ என்று ஆரம்பித்து, இன்னாரால் பார்வையிடப்பட்டு, இன்னார் பொருளுதவியால், சென்னையில் இந்த அச்சுக்கூடத்திற் பதிப்பிக்கப்பட்டது என்று ஒரு நீண்ட வாக்கியம். கடைசியில் ‘தாது௵ தை௴’, விலை அணா கணக்கில்.

முதல் கேள்வி ‘சிவமயம்’. தலைப்பில் சேருமா? டிசிஆர்எம் இதை யோசித்து வைத்திருக்கிறது. இறைவணக்கச் சொற்கள், பொன்மொழிகள், விலை ஆகியவை தலைப்போடு இலக்கணமாக ஒட்டாமல் தனித்து நின்றால் விட்டுவிடலாம், முக்கியம் என்று தோன்றினால் குறிப்பில் எழுதலாம் என்கிறது. ஐரோப்பியப் பழம்பதிப்புகளை மனதில் வைத்து எழுதிய விதி நம் பிள்ளையார் சுழிக்கும் அப்படியே பொருந்துவதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். நான் குறிப்பில் எழுதுகிறேன். ‘சிவமயம்’ இருந்த இடத்தில் ‘ஸ்ரீராமஜெயம்’ இருந்தால் அதுவே ஒரு செய்தி.

அடுத்தது ‘இன்னார் இயற்றிய’. பெயரெச்சம் நூல்பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிரித்தால் வாக்கியம் உடையும். இப்படி ஒட்டியிருந்தால் ஆர்டிஏ, டிசிஆர்எம் இரண்டுமே பிரிக்காதே என்கின்றன. அதனால் தலைப்பு ஆசிரியர் பெயரில் தொடங்கும், வெறும் நூல்பெயரை 246 என்ற மாற்றுத் தலைப்புப் புலத்தில் தனியாகக் கொடுக்க வேண்டும். இதை மறந்தால் நூல்பெயரின் முதல் எழுத்தை வைத்துத் தேடுகிறவருக்குப் புத்தகம் கிடைக்காது.

இரண்டும் பிரிவது ‘இஃது’ வாக்கியத்தில். ஆர்டிஏ, வெளியிட்டவர் யார், அச்சிட்டவர் யார் என்று கேட்டு வேறு வேறு இடத்தில் எழுதச் சொல்லும். 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ் அச்சுக்கூடம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது, ‘பதிப்பிக்கப்பட்டது’ என்ற சொல் இரண்டையும் ஒன்றாகவே குறிக்கிறது. டிசிஆர்எம் அச்சிட்டவரையும் வெளியிட்டவருக்குச் சமமாக வைத்து, பக்கத்தில் உள்ளபடி எழுத விடுகிறது. நாம் ஊகிக்க வேண்டியதில்லை. 1867-ஆம் ஆண்டின் அச்சகப் பதிவுச் சட்டம் ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர் பெயரும் ஊரும் இருக்க வேண்டும் என்று சொன்னதால், அதன் பிறகு வந்த நூல்களில் இந்த வரி அநேகமாக இருக்கும். ஆச்சி கேட்ட ‘யாரு காசு’ என்பதும் இதே வரியில்தான் ஒளிந்திருக்கிறது.

தேதிக்கு வருவோம். தாது வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும். பஞ்சத்துக்குப் பேர்போன தாது 1876 சித்திரையில் பிறந்தது, அடுத்தது 1936-ல். மாதம் தை என்பதால் ஆங்கில ஆண்டு 1877 அல்லது 1937. வருஷப் பெயரை மட்டும் பார்த்து 1876 என்று எழுதினால் ஓராண்டு பிசகும், இந்தத் தவறு பெரிய பட்டியல்களிலும் கண்ணில் படுகிறது. ‘தாது௵ தை௴’ என்று அப்படியே எழுதி, பக்கத்தில் பகர அடைப்பில் 1877 என்று சேர்த்தேன். எழுத்துருவும் தாளும் சேர்ந்து 1937-ஐ ஒதுக்கிவிட்டன. வருஷக் குறிக்கும் மாதக் குறிக்கும் யூனிகோடில் இடம் இருப்பது பலருக்குத் தெரியாது. ௲௮௱௭௰௭ என்று தமிழ் எண்ணில் அச்சிட்டிருந்தாலும் அப்படியே தட்டலாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா வடிவங்களைப் பற்றிக் கவலை வேண்டாம், கணினிக்கு இரண்டும் ஒரே குறியீடு, எழுத்துருதான் வேறு.

சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லாமல் அச்சிட்டிருந்தால் இக்கால வழக்கப்படி இடைவெளி விடலாம் என்பது டிசிஆர்எம் விதி. சந்தியைப் பிரிப்பதா என்று அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ‘அச்சுக்கூடத்திற் பதிப்பிக்கப்பட்டது’ என்பதில் இடைவெளி விடுவேன், ‘திற்’ என்பதை ‘தில்’ ஆக்கமாட்டேன் என்று நானாக ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன்.

பக்க எண்ணிக்கை சின்ன விஷயம்போலத் தெரியும். எண்ணிட்ட பக்கங்களைக் கணக்கில் கொடுத்தாலே ஆர்டிஏவுக்குப் போதும். டிசிஆர்எம் எண்ணில்லாத தாள்களையும் எண்ணிப் பகர அடைப்பில் கொடுக்கச் சொல்கிறது: [8], 112, [4]. நம் புத்தகங்களில் அந்த முதல் எட்டுப் பக்கம் என்ன? சாற்றுகவிகள், கையொப்பக்காரர் பட்டியல், எந்த ஊர்ச் செட்டியார் எத்தனை பிரதிக்குப் பணம் கட்டினார் என்ற விவரம். கடைசி நாலு பக்கம் அதே அச்சுக்கூடத்தின் விலைப்பட்டியல். எண் போடாத தாள்கள்தான் முதலில் கிழிந்து போகிறவையும். அவற்றைக் கணக்கில் எழுதி வைத்தால்தான் இன்னொரு பிரதி கிடைக்கும்போது நம்முடையது முழுசா, குறையா என்று தெரியும்.

இப்போது பிரதிக்கு மட்டும் உரிய செய்திகள். இந்தப் புத்தகத்தின் உள்பக்கத்தில் ஊதா மையில் ஒரு விலாச முத்திரை, கீழே பினாங்கு. செட்டிநாட்டில் விலாசம் என்றால் முகவரி என்று நினைத்துவிடக் கூடாது, பாட்டனார் தகப்பனார் பெயர்களின் முதலெழுத்துகளை அடுக்கிய வியாபாரப் பெயர் அது. மார்க்கில் 561 புலம் நூல் கை மாறிய வரலாற்றுக்கு. விலாசத்தை முத்திரையில் உள்ளபடி அங்கே எழுதி, அதையே தேடுபெயராகவும் கொடுக்கிறேன். ஒரே விலாசம் எத்தனை புத்தகத்தில் இருக்கிறது என்று தேடினால் ஒருவர் பினாங்கில் என்ன படித்தார் என்பதே வரிசையாக வந்து நிற்கிறது. பொது விதிகளிலும் இதற்கு இடம் உண்டு. ஆனால் அங்கே இது விருப்பம், டிசிஆர்எம் வழியில் போனால் ஒவ்வொரு பிரதியையும் புரட்டிப் பார்க்காமல் தப்ப முடியாது.

முனீசுவரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குப் போகிறவர்கள் கவனித்திருக்கலாம். தூணுக்கும் எனாமல் சட்டிக்கும் எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது என்று கதை சொல்வார்கள். புத்தகத்துக்கு யாரும் சொல்ல மாட்டார்கள், அது கிலோ கணக்கு. கோட்டையூரில் ரோஜா முத்தையா அந்தக் காலத்திலேயே ஒவ்வொன்றாகச் சேர்த்து வைக்காமல் போயிருந்தால் எவ்வளவு போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். 1992-ல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரம் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னையில் 1994-ல் ஆராய்ச்சி நூலகமானது. நம் நூல் வேறெங்கும் இருக்கிறதா என்று பார்க்க அவர்கள் பட்டியலும், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துத் தமிழ் நூல்களுக்கு பார்னெட்டும் போப்பும் 1909-ல் வெளியிட்ட பட்டியலும், மர்டாக் தொகுத்த 1865 தமிழ் அச்சுநூல் பட்டியலும் என் மேசையில் எப்போதும் திறந்தே இருக்கின்றன.

இதுவரை டிசிஆர்எம் பக்கமே சாய்ந்து பேசிவிட்டேன். அதன் விலையையும் சொல்ல வேண்டும். ஆர்டிஏவில் ஒரு பதிவு கால் மணி நேரத்தில் முடிகிறது. டிசிஆர்எம்மில் ஒன்றரை மணி, கூட்டுப் பைண்டு என்றால் அரைநாள். நம் முன்னோர்கள் சிறு நூல்களை ஏழெட்டாகச் சேர்த்து ஒரே பைண்டில் தைத்துவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு போட்டு, இது இன்னின்ன நூல்களோடு கட்டப்பட்டிருக்கிறது என்று 501 புலத்தில் எழுத வேண்டும். ஆயிரத்து நானூறையும் இப்படிச் செய்ய என் ஓய்வுக்காலமும் போதாது.

இசை நூல்களில் கணக்கே வேறு. முதலில் எது இசை நூல்? மார்க் பதிவின் தலைமைப் பகுதியில் ஓர் எழுத்து இதைத் தீர்மானிக்கிறது: உரைநூல் என்றால் ஏ, குறியீட்டில் எழுதிய இசை என்றால் சி. மேலே பார்த்த புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இராகம், தாளம் இருக்கிறது, சுரம் இல்லை. ஆகவே விதிப்படி அது உரைநூல்தான். இசை நூல் என்று பார்த்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள், நானும் முதல் நாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் முந்நூறில் இருநூறுக்கு மேல் இப்படிப்பட்டவை என்று தெரிந்ததும் நிம்மதியாகிவிட்டது, அவற்றுக்கு இசை விதித்தொகுப்பைத் தொடவே வேண்டாம். வகைச்சொல்லில் கீர்த்தனை என்று சொன்னால் போதும்.

சுரதாளக் குறிப்போடு வந்த மிச்சத்துக்கு டிசிஆர்எம் இசைப்பகுதியை எடுத்தேன். அதில் பெரிய இடம் பிடித்திருப்பது தகட்டெண். மேற்கே இசையை உலோகத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார்கள், பக்கத்தின் அடியில் வரும் அந்த எண்ணை வைத்துத்தான் தேதி இல்லாத பிரதிக்கு ஆண்டு கணிப்பார்கள். நம் சுரப் புத்தகங்கள் சாதாரண அச்செழுத்தைக் கோத்து அச்சிட்டவை. தகடும் இல்லை, எண்ணும் இல்லை. தகட்டெண் எழுத வேண்டிய 028 புலம் காலியாகவே கிடக்கிறது. வாத்தியங்களின் எண்ணிக்கை, தனித்தனிக் கட்டுகள் என்று போகும் பகுதிகளுக்கும் இங்கே வேலை இல்லை. ஏ. எம். சின்னசாமி முதலியார் 1893-ல் சென்னையில் கர்நாடக இசையை ஐரோப்பியக் கோட்டு முறையில் அச்சிட்டாரே, அதுபோன்றது கையில் இருந்தால் இசைப்பகுதி சட்டைபோலப் பொருந்தும். இந்தப் பெட்டகத்தில் அது இல்லை.

1952-ல் தொடங்கிய ஆர்ஐஎஸ்எம் என்ற பன்னாட்டு இசைமூலப் பட்டியலையும் ஒரு நண்பர் பரிந்துரைத்தார். மென்பொருள் இலவசம், முதல் சில சுரங்களை வைத்து மெட்டைத் தேடும் வசதி உண்டு. ஆசை காட்டும் வசதிதான். ஆனால் அதன் அச்சுநூல் வரிசை 1800-க்கு முந்தைய பதிப்புகளுக்கு, மெட்டுக் குறியீடும் ஐரோப்பிய ஐந்துகோட்டு முறையை நம்பியது. சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்தை அதில் எப்படி எழுதுவது? கைவிட்டேன்.

ஆனால் ஒரு யோசனையை அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். மேற்கே மெட்டின் தொடக்கம் செய்யும் வேலையை நம்மிடம் பல்லவியின் முதலடி செய்கிறது. யாரும் புத்தகப் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை, “அந்தக் காம்போதிக் கீர்த்தனை எதுல இருக்கு?” என்றுதான் கேட்கிறார்கள். அதனால் உள்ளடக்கக் குறிப்பில் ஒவ்வொரு பாட்டுக்கும் முதலடி, இராகம், தாளம் மூன்றையும் அச்சில் உள்ளபடி கொடுக்கிறேன். சுரமில்லாத கீர்த்தனை நூல்களுக்கும் இது உண்டு. அச்சில் ‘தோடி’, இன்னொன்றில் ‘ஹனுமத்தோடி’. ‘சங்கராபரணம்’, ‘தீரசங்கராபரணம்’. இவற்றை ஒரே சீர்பெயரில் இணைத்துப் பொருள் தலைப்பில் தருவது தனி வேலை. நூல்பெயருக்கும் அதே கதைதான்: கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் கீர்த்தனையை அச்சுக்கூடத்துக்கு ஒரு பெயரில் போட்டிருக்கிறார்கள், நந்தனார் என்று ஒன்று, திருநாளைப்போவார் என்று இன்னொன்று. ஒரே சீர்தலைப்பு கொடுக்காவிட்டால் ஒரே நூல் மூன்று நூலாகிவிடும்.

1940-களுக்குப் பிந்தைய இசை நூல்களில் எனக்குத் தயக்கமே இல்லை. கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்ற தமிழிசை இயக்கத்தின்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சுரதாளக் குறிப்போடு வெளியிட்ட தொகுதிகள் இந்த வீட்டில் அடுக்காக இருக்கின்றன. பல நூலகங்களில் இருப்பவை, நல்ல தலைப்புப் பக்கம், தெளிவான ஆண்டு. ஆர்டிஏ போதும். உள்பக்கத்தில் யாராவது பென்சிலில் சுரத்தைத் திருத்தியிருந்தால் மட்டும் பிரதிக் குறிப்பில் சேர்க்கிறேன்.

ஆகக் கடைசியில் செய்தது இது. 1900 வரை அச்சானவையும், அதற்குப் பிறகு வந்தாலும் வேறெங்கும் பட்டியலில் அகப்படாதவையும் டிசிஆர்எம்மில், முழுசாக. மற்றவை ஆர்டிஏவில், ஆனால் 561 புலம் எல்லாவற்றுக்கும் கட்டாயம். ஆண்டு எல்லை கொஞ்சம் தோராயமானதுதான், 1905-ல் வந்த ஒரு சிந்துப் புத்தகம் 1895-ல் வந்ததை விட அபூர்வமாக இருக்கலாம், அதற்காகத்தான் இரண்டாவது நிபந்தனை. முதன்மைப் புலங்கள் தமிழ் எழுத்திலேயே, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் எழுத்துப்பெயர்ப்பு முறையில் ஆங்கில எழுத்து வடிவம் இணைப் புலத்தில். மேலைநாட்டு நூலகங்கள் பல இதைத் தலைகீழாகச் செய்கின்றன. ஆச்சி தேட வேண்டிய பட்டியலில் தமிழ் இரண்டாம் இடத்தில் இருப்பது எனக்குச் சம்மதம் இல்லை.

சிங்கப்பூர்ப் பங்காளிக்கு கோஹாவிலிருந்து எக்செல்லாகவும் ஒரு கோப்பு இறக்கி அனுப்பிவிட்டேன். சந்தோஷப்பட்டார்.

மிச்சம் இருப்பது பதினொரு தெலுங்கு எழுத்துப் புத்தகங்கள். சுப்பராம தீட்சிதர் 1904-ல் எட்டயபுரத்தில் அச்சிட்ட பெரிய இசை நூல்கூடத் தெலுங்கு எழுத்தில்தான் வந்தது, சென்னை மியூசிக் அகாடமி அதைத் தமிழில் கொண்டுவரத் தொடங்கியது 1961-ல். அதனால் இசை நூல் வைத்திருந்த வீட்டில் தெலுங்கு எழுத்து இருப்பது ஆச்சரியமில்லை. உள்ளபடி எழுது என்பது விதி, எனக்கோ தெலுங்கு எழுத்துக்கூட்டி வாசிக்க மட்டும்தான் வரும். ஒன்றின் கடைசிப் பக்கத்தில் தமிழில் பென்சில் குறிப்பு: இன்ன தேதி பாடம் ஆரம்பம், சம்பளம் மாதம் ஒரு ரூபாய். அந்த ஒரு பக்கத்தை மட்டும் பதிவு செய்துவிட்டு, மீதியைத் தெலுங்கு தெரிந்த ஆள் வரும்வரை தனி மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறோம். வசம்பை ஆச்சியே மாற்றிவிட்டார்.